கஞ்சி பிரியும்

ஜனவரி 9, வியாழன்

வருஷம் பிறந்தால் மில்லில் ஒரு டைரி கொடுப்பார்கள். அவர் கொண்டுவந்து என்னிடம் போடுவார். நான் அதில் கோலப் புள்ளி வைத்துப் பார்ப்பேன். இந்த வருஷம் மேனேஜர் என் கையிலேயே கொடுத்தார்.

"தங்காயிம்மா, அண்டாவுல என்ன போட்டீங்க, கஞ்சி எப்படி வந்துச்சுன்னு தினமும் எழுதி வைங்க. ஆண்டியப்பன் அத்தனையும் மண்டைக்குள்ளயே வச்சிருந்தான். கொண்டுட்டே போயிட்டான்."

என் வீட்டுக்காரர் செத்ததைத்தான் மேனேஜர் அப்படிச் சொன்னார். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். எழுதுகிறேன்.

நூல் தறிக்குப் போவதற்கு முன்னால் அதைக் கஞ்சியில் முக்கிக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தறியில் அறுந்து அறுந்து போகும். அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவதுதான் அவர் வேலை. ஆள் உயர அண்டா, ஏறி நிற்க இரும்புப் படி, நடுவில் மோட்டாரில் சுற்றும் கலக்கி. மார்கழி பிறந்த கையோடு ஒருநாள் கரண்ட் போனது. கலக்கி நின்றது. கஞ்சி வீணாகக் கூடாது என்று அவர் துடுப்பை எடுத்துக்கொண்டு படியேறிக் கையால் கலக்கினார். படியில் கஞ்சி சிந்திக் கிடந்தது. வழுக்கிவிட்டது. இடுப்பு வரைக்கும் வெந்துபோய் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைக்கவில்லை.

வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். மில்லுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டு ரூமும் வேலையோடு சேர்ந்ததுதான். வேலை போனால் ரூமும் போகும்.

முதல் வேலையாகப் படியைத் துடைத்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

படி துடைத்தேன். பச்சைத் தண்ணீருக்குப் போவதில்லை. காய்ந்த கஞ்சி கண்ணாடிப் பேப்பர் மாதிரி ஒட்டியிருக்கிறது. அப்படியே விட்டால் ஆவி பட்டு ஈரமாகி விளக்கெண்ணெய் கொட்டின மாதிரி ஆகிவிடும். சுடுதண்ணீர் ஊற்றி ஊறவிட்டுச் சாக்கால் தேய்க்க வேண்டும். இது என் வேலை என்று நானே வைத்துக்கொண்டேன். வேறு யாரையும் செய்யவிட மாட்டேன்.

அண்டாவில் போடுவது இரண்டு. ஒன்று மரவள்ளி மாவு. இன்னொன்று பவுடர், மூட்டையில் பி.வி.ஏ. என்று போட்டிருக்கும், பிளாஸ்டிக் வகை. மாவு மட்டும் போட்டால் நூல் காய்ந்த குச்சி மாதிரி ஒடிகிறது. பவுடர் மட்டும் போட்டால் முதலாளிக்குக் கட்டாது. அதனால் இரண்டும்.

இரண்டும் தண்ணீரில் கரையும். ஒன்றுக்குள் ஒன்று கரையாது. கலக்கிக்கொண்டே இருந்தால் பால் மாதிரி ஒன்றாகத் தெரியும். கலக்குவதை விட்டால் பிரிந்துவிடும். பவுடர் மேலே, மாவு கீழே, நடுவில் ஒரு கோடு. அவர் ஒவ்வொரு தடவையும் தன் டீ கிளாஸில் கொஞ்சம் கஞ்சி ஊற்றி ஜன்னலில் வைப்பார். கோடு சீக்கிரம் விழுந்தால் கஞ்சி சரியில்லை. நானும் அதே கிளாஸில் வைத்தேன். விழுந்துவிட்டது.

ஒருநாள் சோறு தின்றுகொண்டே சொன்னார்: "தண்ணிக்கு ரெண்டும் வேணும். ரெண்டுக்கும் தண்ணி வேணும். அதுக ரெண்டுக்கும்தான் ஒண்ணுக்கொண்ணு ஆகறதில்ல. தண்ணி பாவம், என்ன பண்ணும்?" சொல்லிவிட்டுச் சிரித்தார். என்ன சிரிப்பு என்று நான் கேட்கவில்லை. கஞ்சியைப் பற்றித்தான் பேசினார்.

ஜனவரி 13, திங்கள், போகி

அவள் வந்துவிட்டாள்.

பெயர் மேகலா. இருபத்தாறு வயது இருக்கும். எடப்பாடியில் அவர் இவளுக்கு வீடு பிடித்து வைத்திருந்தாராம். வயிறு நன்றாகத் தெரிகிறது. அவர் போனதும் வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மில் கேட்டில் வந்து நின்றாள். இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பது ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது.

மேனேஜர் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

"நீ யாரும்மா ஆண்டியப்பனுக்கு?"

அவள் பையைத் தரையில் வைத்தாள்.

"இவங்க யாரு, தெரியுமா?"

"அவிய வீட்டுக்காரிங்க."

"அப்ப நீ?"

"நானுமுங்க."

வெளியே பாய்லர்காரர் சின்னான் இருமுகிற மாதிரி சிரித்தார்.

அவள் முன்னே இதே மாதிரி நூலுக்குக் கஞ்சி போடுகிற ஒரு சைசிங் மில்லில் வேலை செய்தவளாம். துடுப்புப் பிடிக்கத் தெரியும் என்றாள். மேனேஜர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "அண்டாவுக்கு இப்ப ரெண்டு ஆள் வேணும். மாசி முடியற வரைக்கும் ரெண்டு பேரும் பாருங்க. அப்புறம் ஒருத்தர்தான். யாருக்கு வேலையோ அவங்களுக்கு ரூமு. அதுவரைக்கும் சண்டை சச்சரவில்லாம ஒரே ரூமுல இருந்துக்கோங்க."

அவருக்கென்ன, சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. அவள் தன் சோற்றைத் தனியாக வடித்துக்கொண்டாள். நான் என் சோற்றைத் தனியாக.

ஜனவரி 16, வியாழன்

ரூமுக்கு நடுவில் கயிறு கட்டினேன். மறைப்புக்குத் துணி வேண்டும். என் சேலையைப் போட மனசில்லை, அவள் சேலையைத் தொட மனசில்லை. அவருடைய நாலு முழ வேட்டி ஒன்று இருக்கிறது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போனது, ஓரத்தில் கஞ்சிக் கறை. அதைத்தான் பெட்டியில் வைத்திருந்தேன். எடுத்தபோது அவள் கை நீட்டினாள். "இத நான் வச்சுக்கட்டுங்களாக்கா?" என்றாள். நான் அதை விரித்துக் கயிற்றில் போட்டேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

வேட்டிக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கிறது.

அவர் செத்த அன்று என் வளையலை உடைத்தார்கள். நாத்தனார் என் கையைத் தரையில் வைத்துக் கல்லால் தட்டினாள். மணிக்கட்டில் கீறல் இன்னும் ஆறவில்லை. இவள் அன்றைக்கு வந்து தெருக்கோடியிலேயே நின்றாள். இவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிடாததால் இவள் வளையலை யாரும் உடைக்கவில்லை. பெண்டாட்டி என்று சொன்னால்தானே உடைப்பார்கள்.

பாத்திரம் தேய்த்தாலும் சிலுங், புரண்டு படுத்தாலும் சிலுங்.

ஜனவரி 21, செவ்வாய்

படி துடைத்தேன். மூட்டை பிரித்தேன். கஞ்சி இன்றைக்குச் சுமார்.

மத்தியானம் அவள் என் ஊறுகாய்ப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மாங்கா ஊறுகா. வெந்தயம் கொஞ்சம் தூக்கலாப் போடுவீங்க. நீங்க போட்டதுதானாக்கா அது?" என்று கேட்டாள்.

"எது?"

"ஒண்ணுமில்லீங்."

அவருக்குக் குடல் புண். புளிப்பு ஆகாது. போன ஐப்பசியிலிருந்து சனிக்கிழமையானால் ஊறுகாய் கேட்பார். பாட்டில் நிறையப் போட்டுக் கொடுப்பேன், எடுத்துக்கொண்டு வெளியே போவார். அவருக்கு ஆகாதே என்று நான் கேட்டதில்லை. ஆம்பளை கேட்டால் கொடுக்கிறதுதானே. ஒரு தடவை அவர் கேட்காமலே எடுத்து வைத்தேன், அவ்வளவுதான்.

ஜனவரி 28, செவ்வாய்

ஒரு தறிக்காரர் அறுந்த நூலைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்து மேனேஜர் முன்னால் போட்டார். "இது நூலா, இல்ல எங்கம்மா தலைமுடியா? என்ன கஞ்சிய்யா காச்சறீங்க? பொம்பளைக குழம்பு வைக்கற மாதிரி வைக்கறாளுகளா?"

மேனேஜர் எங்களைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் செத்த பிறகு கொழுப்புக் கட்டி போடவே மறந்திருக்கிறோம். சோப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். வெட்டிக் கொதியில் போட வேண்டும். நான் அவள் போட்டாள் என்று நினைத்தேன், அவள் நான் போட்டேன் என்று நினைத்திருக்கிறாள். கேட்டால்தானே தெரியும். எங்களுக்குள் பேச்சு இல்லை.

சின்னான் பாய்லர் பக்கத்திலிருந்து சொன்னார்: "அம்மிணி, அந்தக் கட்டி எங்க போய் நிக்கும் தெரியுமா? மாவுலயும் நிக்காது, பவுடர்லயும் நிக்காது. நேராப் போயி ரெண்டுக்கும் நடுவால அந்தக் கோட்டுலதான் நிக்கும். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. ரெண்டையும் சித்த நேரம் ஏமாத்தி வச்சிருக்கும். நம்ம ஆண்டியப்பன் இருந்தானே, அப்படி."

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் வாய் கோணியது. முந்தானையால் மூடிக்கொண்டேன்.

கட்டி போட்டுக் காய்ச்சின பிறகு கிளாஸில் கோடு விழ நேரமானது. விழாமல் இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

படி துடைத்தேன். இன்றைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் நூல் ஓடுகிற மிஷினுக்கு மட்டும்தான், அண்டாவுக்குக் கிடையாது. நான் படியேறித் துடுப்புப் போட்டேன். அவள் கீழே நின்று பாய்லரிலிருந்து அண்டாவுக்கு வருகிற ஆவியை அடைத்தாள், வாளி வாளியாகச் சுடுதண்ணீர் தந்தாள். வயிற்றுக்காரியை ஏற்றக் கூடாது என்று நானே சொன்னேன். துடுப்பு கனம். கை விட்டுப்போனது. கஞ்சி பிரியவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். தெருவில் காவடி போனது. மில் லீவு இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

துணி துவைத்தேன். வேட்டியை மட்டும் கயிற்றிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

வேட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்: "அக்கா, உதைக்குதுங்க. கைய வச்சுப் பாக்கறீங்களா?"

வேட்டிக்குக் கீழே அவள் பாதம் தெரிந்தது. வீங்கியிருந்தது.

"கையில மாவு" என்றேன். மாவெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கே மாவு.

"அவிய வச்சுப் பாத்ததே இல்லீங்க. அதுக்குள்ளயும் போயிட்டாங்க" என்றாள். என்னிடம் சொன்னாளா, வயிற்றிடம் சொன்னாளா தெரியவில்லை.

எனக்குப் பிறக்கவில்லை. எல்லா டாக்டரிடமும் போயாயிற்று. அதை எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

படி துடைத்தேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"தங்காயிம்மா, முதலாளி கேட்டாரு. அந்தப் பொண்ணு சின்ன வயசு, கை வலு இருக்குது. புள்ள வேற பொறக்கப் போகுது. ஆண்டியப்பன் புள்ள மில்லுலயே வளரட்டும்னு பிரியப்படறாரு. நீங்க ஒண்டி ஆளுதான. தம்பி இருக்காருன்னு சொன்னீங்களே, சங்ககிரில?"

"இருக்கானுங்க."

"பொறவென்ன."

இருபது வருஷத்துக்கு மேல் இந்த ரூமில் இருந்திருக்கிறேன். ஜன்னல் கம்பியில் அவர் பெயின்ட் அடித்தபோது ஒழுகின சொட்டு இன்னும் இருக்கிறது. ஒண்டி ஆள். ஒண்டி ஆளுக்கு ரூம் எதற்கு என்கிறார்.

தம்பிக்குப் போன் போட்டேன். தம்பி பெண்டாட்டிதான் எடுத்தாள். "ஒறம்பரையா வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்க்கா, யார் வேண்டாங்கறா. இங்கயே இருக்கறதுன்னா அவுங்ககிட்டத்தான் கேக்கோணும்" என்றாள். தம்பி பக்கத்திலேயே இருமினான். எனக்குக் கேட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

படி துடைத்தேன். கஞ்சி நல்லபடியாக வந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நடையிலேயே தெரிகிறது.

பிப்ரவரி 27, வியாழன்

சாயங்காலம் அவள் கடைவீதிக்குப் போய் வந்தாள். கை நிறையப் புது வளையல், பச்சையும் சிவப்பும். வயிற்றுக்காரிக்கு ஊரே கூடி வளையல் போடும். இவளுக்குப் போட ஆள் இல்லை, தானே வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

சின்னானுக்குக் காட்டினாள். "சத்தம் கேட்டாப் புள்ளைக்கு நல்லதாமுங்க."

"கேக்கட்டும் கேக்கட்டும். மில்லுக்கு நாளைய மேஸ்திரி."

பிறகு என் பக்கம் வந்து வேட்டியை விலக்கி ஒரு ஜோடியை நீட்டினாள். "அக்கா, நீங்க போட்டுக்க மாட்டீங்கன்னு தெரியும். சும்மா தொட்டுக் குடுங்க, நான் போட்டுக்கறேன். பெரியவிய ஒருத்தர் தொட்டாப் போதும்னு சொன்னாங்க."

என் மணிக்கட்டு மொட்டையாக இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

காலையில் தண்ணீர் பிடித்தேன். பாய்லருக்குக் குரல் கொடுத்தேன். மாவு மூட்டை பிரித்தேன், பவுடர் மூட்டை பிரித்தேன். அண்டா விளிம்பு சுரண்டினேன். கொழுப்புக் கட்டி எடுத்துவைத்தேன். எல்லாம் எப்போதும் போலத்தான்.

பத்தரை போலக் கரண்ட் போனது. மேனேஜர் ஓடிவந்தார். "அண்டா ரொம்பி இருக்குது, பிரிஞ்சா அத்தனையும் போச்சு, யாராச்சும் ஏறுங்க!"

நான் கட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் கத்தி இருந்தது. வழக்கமாக நான்தான் ஏறுவேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் கத்தியைப் பார்த்தேன்.

"ஏறுங்கன்னா!"

அவள் சேலையைச் செருகிக்கொண்டு துடுப்பை எடுத்தாள்.

சின்னான் அங்கிருந்து என்னமோ கத்தினார். "அம்மிணி, இன்னிக்குப் படி தொடச்சீங்களா?" என்ற மாதிரி இருந்தது. ஆவிச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

மேல் படியில்தான். அண்டாவுக்குள் விழவில்லை, இந்தப் பக்கம் விழுந்தாள். வயிறு இரும்பு விளிம்பில் இடித்தது. வளையல் எல்லாம் உடைந்து தரையில் சிதறியது. சத்தம் அதுதான் முதலில் கேட்டது.

படி ஈரமாக இருந்தது. யாராக இருந்தாலும் வழுக்கியிருக்கும்.

கஞ்சி பிரிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 1, சனி

ஆஸ்பத்திரி. என்னைத்தான் கூட இருக்கச் சொன்னார்கள். "நீங்க யாரும்மா அவங்களுக்கு?" என்று நர்ஸ் கேட்டாள். அக்கா என்றேன்.

உள்ளே சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. நின்ற பிறகு வேறு ஒரு சத்தம் வர வேண்டும் இல்லையா. வரவில்லை.

ஆண் குழந்தை. என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாம் முழுசாக இருந்தது. நகம்கூட இருந்தது. மூக்கு அவர் மூக்கு. தூங்குகிற மாதிரி இருந்தது.

இன்னும் சூடாக இருந்தது. இன்றைக்குக் கை வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

சுற்றிக் கொடுக்கப் பழைய துணி இருந்தால் கொண்டுவரச் சொன்னாள் ஆயா. பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழசாக, மெத்தென்று வேண்டும். பிறக்கிற பிள்ளைக்கும் அப்படித்தான், இந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான்.

ரூமுக்கு வந்தேன். என்னிடம் இருக்கிற சேலையெல்லாம் மொறமொறவென்று இருக்கிறது. கயிற்றிலிருந்து வேட்டியை உருவினேன்.

சின்னான் கையில் கொடுத்தேன். காவிரிக் கரையில் புதைத்துவிட்டு வந்தார். பொம்பளைகள் போகக் கூடாது. கரைக்கு வெளியே ரோட்டில் நின்றேன். திரும்பி வந்தவர் என்னிடம் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருக்கிற ஆள். கை கால் கழுவிக்கொண்டு நேராகப் போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

அவளை ரூமுக்குக் கூட்டிவந்தேன். நடுவில் வெறும் கயிறு. அவள் தன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். நான் என் பக்கத்தில்.

வளையல் இல்லை. புரள்வது தெரிவதில்லை. இருக்கிறாளா என்று தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். பால் கட்டிக்கொண்டு மாரில் துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறாள்.

ரசம் வைத்து ஊற்றினேன். குடித்தாள். "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

மார்ச் 8, சனி

படி துடைத்தேன். அவள் வேலைக்கு வரவில்லை. படுத்திருக்கிறாள். படி துடைத்தேன் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மேனேஜர் கூப்பிட்டார். "இனி என்ன தங்காயிம்மா. நீங்களே பாருங்க. அந்தப் பொண்ணு போறேன்னு சொல்லிருச்சு. ரூமும் உங்களுக்கே. நல்லபடியா இருங்க."

நல்லபடியா இருங்க என்று ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார் போல.

மார்ச் 12, புதன்

மேட்டூரில் அவளுக்குச் சின்னம்மா ஒருத்தி இருக்கிறாளாம். பஸ் ஏற்றிவிடப் போனேன். பையை நான்தான் தூக்கிக்கொண்டேன். ஒரு பாட்டில் நிறைய மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருந்தேன், வெந்தயம் தூக்கலாக. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அவள் பக்கத்தில் வைத்தேன்.

"ஒடம்பப் பாத்துக்கோ சாமி" என்றேன். சாமி என்று எப்படி வந்ததோ.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். "உங்களுக்கு முன்னாலயே தெரியுமாக்கா, நான் இருக்கறது?"

பஸ் வந்துவிட்டது. மேட்டூர், மேட்டூர் என்று கண்டக்டர் கத்தினார். எல்லாரும் முண்டினார்கள். அவள் மெதுவாக எழுந்தாள். படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒருத்தர், "ஏறும்மா, ஏறு" என்றார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறவரிடம் உப்பு வாங்கிவரச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"படியத் தொடச்சு வைங்க்கா. நாளைக்கு யாராச்சும் ஏறுவாங்க."

பஸ் போய்விட்டது. பாட்டில் பெஞ்சின் மேலேயே இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

மாசி முடிந்தது. ரூம் பெரிதாக இருக்கிறது. கயிற்றை அவிழ்க்கவில்லை. அதில் எதுவும் காயப்போடவும் இல்லை.

பத்து மணிக்கு மேல் கரண்ட் போனது. மேனேஜர் ஊரில் இல்லை. நான் ஏறவில்லை. ஆவியை அடைத்துவிட்டு, கிளாஸில் கொஞ்சம் கஞ்சி மொண்டு ஜன்னலில் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். முதலில் பால் மாதிரி இருந்தது. பிறகு ஓரத்தில் மங்கியது. பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே இருந்ததும் தண்ணீர்தான், கீழே இருந்ததும் தண்ணீர்தான். நடுவில் கோடு, நூல் பிடித்துப் போட்டது போல. கொழுப்புக் கட்டி போட மறந்திருக்கிறேன்.

சின்னான் வந்து அண்டாவை எட்டிப் பார்த்தார். "பிரிஞ்சு போச்சு அம்மிணி" என்றார்.

"ஆமாங்" என்றேன்.

சுடுதண்ணீர் பிடித்துவந்து படியைத் துடைத்தேன். காலையிலும் துடைத்திருந்தேன். மறுபடியும் துடைத்தேன்.